கவுன்டி அலுவலகத்துக்குப் போவதற்கு முன்

மதுரை

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். கலிபோர்னியாவின் லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலில் தை மாதக் கடைசி முகூர்த்தத்தை உறுதி செய்துவிட்டீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இங்கே புடவைப் பேச்சு ஓயவில்லை. அதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நீங்கள் இருவரும் சான் ஹோசேயில் வாங்கப்போகும் மேரேஜ் லைசென்ஸைப் பற்றியும் அதற்குப் பின் பெற வேண்டிய சான்றிட்ட நகலைப் பற்றியும் எழுதுகிறேன்.

நம் ஊரில் கல்யாணம் முதலில் நடக்கும், பதிவு பிறகு வரும். தாலி கட்டி முடித்த பின் அழைப்பிதழ், வயதுச் சான்று, சாட்சிகள் சகிதம் வந்து நிற்பார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிய பிறகும் அதற்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. கலிபோர்னியாவில் இந்த வரிசை தலைகீழ். அங்கே கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின் கிளார்க்கிடம் முன்கூட்டியே லைசென்ஸ் வாங்கி, அதை மணமேடைக்குக் கொண்டுபோய், சடங்கை நடத்தி வைப்பவரும் சாட்சியும் அதிலேயே கையெழுத்திட்டு, அந்தத் தாள் அலுவலகத்துக்குத் திரும்பிப் பதிவான பிறகுதான் திருமணப் பதிவு என்ற ஒன்று உண்டாகிறது. ஆகையால் லைசென்ஸ் படிவத்தில் இன்று நீங்கள் எழுதுவதே நாளைக்குச் சான்றிதழில் இருக்கும். இடையில் வேறொருவர் சரிபார்த்துத் திருத்தித் தருவார் என்று எண்ண வேண்டாம்.

லைசென்ஸ் 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும். ஐப்பசியிலேயே வாங்கி வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அப்படிச் செய்தால் முகூர்த்தத்துக்கு முன்பே அது காலாவதியாகிவிட வாய்ப்புண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் கலைந்த பின், ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு போவது உசிதம். மார்கழியில் எதையும் தொடங்கக்கூடாது என்று உன் அம்மா முகம் சுளிப்பாள். இது சுபகாரியத்தில் சேராது, வெறும் காகித வேலை என்று நான் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். நம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ளதுபோல் 30 நாள் அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை. இரத்தப் பரிசோதனையும் கேட்பதில்லை. நீங்கள் இருவரும் ஒன்றாக, நேரில், பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

கவுன்டரில் இரண்டு வகை லைசென்ஸ் இருப்பதாகச் சொல்வார்கள். ஒன்று பொது லைசென்ஸ். அதற்குக் குறைந்தது ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். இன்னொன்று ரகசிய லைசென்ஸ். அதற்குச் சாட்சி தேவையில்லை, பதிவும் மற்றவர் பார்வைக்குத் திறந்திராது. சுலபம் என்று யாராவது அதைப் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம். அதற்கு, நீங்கள் ஏற்கெனவே கணவன் மனைவியைப் போல ஒரே வீட்டில் வாழ்ந்துவருவதாக உறுதிமொழி தர வேண்டும். அந்த வரி உன் அம்மாவின் கண்ணில் படாமலிருப்பது எல்லோருக்கும் நல்லது. நகல் வாங்குவதிலும் சிக்கல் உண்டு. பொதுப் பதிவானால் தம்பதியரைப் போலவே பெற்றோரும் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். ரகசியப் பதிவின் நகலை உங்கள் இருவரையன்றி வேறு யாரும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பெற முடியாது.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். என் அனுபவத்தில், ஒரு ஆவணத்தைப் பிற்காலத்தில் செல்லாக்காசாக்குவது பெரும்பாலும் பெயர்தான். உன் பாஸ்போர்ட்டில் உன் பெயர் முதற்பெயராகவும் என் பெயர் குடும்பப் பெயராகவும் இருப்பதால் உனக்குத் தொல்லையில்லை. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றும், விசாவில் அதைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். லைசென்ஸிலும் அந்த மூன்றெழுத்து ஏறிவிட்டால் ஆயுள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பாஸ்போர்ட், விசா இரண்டையும் கவுன்டரில் வைத்து, அவர்கள் எந்த வடிவத்தில் எழுதப்போகிறார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இருவருடைய பெற்றோரின் பெயரையும் பிறந்த நாட்டையும்கூடப் படிவம் கேட்கும். தாயின் பெயரைப் பிறந்த வீட்டுப் பெயராகத்தான் எழுத வேண்டும். உன் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இனிஷியல் இல்லாமல் மொட்டையாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயரைச் சேர்த்திருக்கிறாள். பள்ளிச் சான்றிதழில்தான் உன் தாத்தாவின் இனிஷியல் இருக்கிறது. தாத்தாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு எழுது. அதுவே கேள்விக்குச் சரியான பதில். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே எழுது.

திருமணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளப்போகும் பெயருக்கென்று அதே படிவத்தில் தனிப் பகுதி உண்டு. 2007ஆம் ஆண்டின் பெயர்ச் சமத்துவச் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மனைவி மட்டுமல்லாமல் கணவரும் அந்த இடத்தில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சடங்கு முடிந்த பிறகு அந்தப் பகுதியைத் திருத்த வழியில்லை. வேறு பெயர் வேண்டுமானால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இது உன் விருப்பம். என் யோசனையைக் கேட்டால், உன் பட்டச் சான்றிதழும் பான் அட்டையும் இப்போதைய பெயரில் இருக்கையில் மாற்றிக்கொள்வது வீண் அலைச்சல் என்பேன்.

அந்தக் கவுன்டர் இன்று இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் வெள்ளையர் மற்ற இனத்தவரை மணக்க ஒரு காலத்தில் சட்டம் தடை விதித்திருந்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்ய வந்த பஞ்சாபிகள் 1910களின் பிற்பகுதியிலிருந்து மெக்சிகோப் பெண்களை மணந்துகொண்டபோது, இருவரின் தோல் நிறத்தையும் பார்த்து லைசென்ஸ் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்தவர் கவுன்டி கிளார்க்தான். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கிளார்க் ஒரு ஜோடிக்கு லைசென்ஸ் மறுத்ததிலிருந்து எழுந்த பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கில், 1948இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவன் என்பதால், ஒரு குமாஸ்தாவின் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்ததை எண்ணி எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

லிவர்மோர் அலமீடா கவுன்டியில் இருக்கிறது, நீங்களோ சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுன்டியில் லைசென்ஸ் வாங்குகிறீர்கள், செல்லுமா என்று கேட்டிருந்தாய். செல்லும். பொது லைசென்ஸ் மாநிலத்தின் 58 கவுன்டிகளிலும் செல்லுபடியாகும். மாநில எல்லையைத் தாண்டினால்தான் செல்லாது. ஆனால் தாள் திரும்ப வேண்டிய இடமும், பிற்காலத்தில் நகல் கேட்க வேண்டிய இடமும் லைசென்ஸ் கொடுத்த சான்டா கிளாராவேயன்றி, தாலி கட்டிய அலமீடா அன்று. அர்ச்சகர் தம் பெயர், பொறுப்பு, முகவரி எழுதிக் கையெழுத்திட்டு, 10 நாட்களுக்குள் அதை அலுவலகத்துக்குத் திருப்ப வேண்டும். சட்டப்படி அது அவருடைய கடமை. ஆனாலும் அன்றைக்கு அவருக்கு எத்தனை கல்யாணமோ. கவரில் முகவரி எழுதித் தபால் தலை ஒட்டி உன் தோழி ஒருத்தியின் கையில் கொடுத்துவை. கறுப்பு மையில் எழுதட்டும். அடித்தல் திருத்தல், வெள்ளை மை எதுவும் கூடாது. கோவிலில் வண்ணச் சான்றிதழ் ஏதும் கொடுத்தால் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளலாம். விசா அலுவலகத்தில் அது உதவாது.

தாள் பதிவான பிறகும் சான்றிதழ் தானாக வீடு தேடி வராது. கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அதிலும் அடையாளத்துக்குச் செல்லும் நகல், தகவலுக்கு மட்டுமான நகல் என்று இரண்டு உண்டு. இரண்டாவதில், அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்றே அச்சிட்டிருக்கும். முதலாவதைத்தான் கேட்க வேண்டும். அதற்கு உறுதிமொழி தர வேண்டும். தபாலில் விண்ணப்பித்தால் அந்த உறுதிமொழிக்கு நோட்டரி கையெழுத்தும் தேவை. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவுக்கு மாறுவதற்கு, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ப்பதற்கு, இந்தியாவுக்கு அனுப்புவதற்கு என்று மூன்று நகல்களை ஒரே தடவையில் வாங்கிவிடு. இந்தியாவுக்கு வரும் நகலில் மாநிலச் செயலரின் அபோஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்ற சான்றை இணைத்து அனுப்பு. 2005இல் நம் நாடும் அபோஸ்டிலை ஏற்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், தூதரக முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை.

சித்திரையில் இங்கே வரவேற்பு வைக்கும்போது மதுரையிலும் ஒரு பதிவு செய்துவிடலாம் என்று சம்பந்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். மரியாதையாக மறுத்துவிட்டேன். ஒரே திருமணத்துக்கு இரண்டு தேதியும் இரண்டு ஊரும் கொண்ட இரண்டு சான்றிதழ்கள் கையில் இருந்தால், எந்த அதிகாரியும் எது உண்மை என்றுதான் முதலில் கேட்பார். மாப்பிள்ளையும் தம் வீட்டாருக்கு இதை ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லட்டும்.

விண்ணப்பத்தை நிரப்பியதும், அனுப்புவதற்கு முன் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவை. அம்மாவின் பள்ளிச் சான்றிதழை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு அன்றே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா