ஏழு ஆய்வேட்டில் என் எழுத்துப்பிழை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மார்ச் வந்தால் புராஜெக்ட் கூட்டம், ராத்திரி பதினொரு மணிக்கும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டைப் அடித்துக்கொண்டிருப்போம். எல்லாம் முடிந்து ஸ்பைரல் போடப் போகும்போதுதான் பிள்ளைகளுக்குத் துணைநூற்பட்டியல் ஞாபகம் வரும். “அண்ணே, போன வருஷம் யாராச்சும் இதே தலைப்புல செஞ்சிருப்பாங்கல்ல, அதுல இருக்கிறதையே போட்டுடுங்க” என்பார்கள். போட்டும் கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன். ஒரே பட்டியல் ஏழு பேருக்குப் போயிருக்கிறது, அதில் நான் விட்ட எழுத்துப்பிழை ஒன்று ஏழிலும் அப்படியே இருக்கிறது, ஒரு நெறியாளர்கூட அதில் வட்டம் போடவில்லை.

இந்த வருடம் புறநானூற்றில் ஆய்வு செய்த ஒரு பெண் ‘உ.வே.சா. பதிப்பு, 1894’ என்று எழுதிக்கொண்டு வந்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்தியாம்மா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டியது நாலைந்து வருடத்துக்கு முன் வந்த ஒரு மலிவுப் பதிப்பு! 1894 என்பது முதல் பதிப்பு வந்த ஆண்டு. மலிவுப் பதிப்பின் பக்க எண்ணைப் போட்டுவிட்டு 1894 என்று எழுதினால், சரிபார்க்கப் போகிறவர் எதைப் புரட்டுவார்? கையில் இருப்பதைத்தானே சொல்ல வேண்டும். சங்கப் பாடல் என்றால் பாட்டு எண்ணும் அடி எண்ணும் போட்டாலே பெரும்பாலும் போதும், 192 என்றால் எந்தப் பதிப்பிலும் கணியன் பூங்குன்றனார்தான்.

அப்புறம் இந்தச் சதவீதப் பயம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் கொண்டுவந்த விதிப்படி ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. மூலத்தைச் சொல்லிக் காட்டிய மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது, ஆனால் என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, வார்த்தையை மாற்றித் தரும் ஏதோ ஒரு மென்பொருளில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஒரு பையனுடையதில் ஆற்றுப்படை ‘நதி ராணுவம்’ ஆகியிருந்தது. நான்தான் திருத்தினேன்.

ஆங்கிலத் துறைப் பிள்ளைகள் பாடு வேறு. துணைநூற்பட்டியல் எழுதுவதற்கு எம்.எல்.ஏ. முறை என்று ஒன்றைச் சொல்வார்கள் (நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம்). அதில் குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும், நமக்கு ஏது குடும்பப் பெயர்? மு. வரதராசனை ‘மு, வரதராசன்’ என்று வெட்டி வைக்கிறார்கள்.

கல்லூரிகளிடம் கேட்பது இதுதான். ஜனவரியிலேயே ஒரு நாள் பிள்ளைகளைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், 2023இல் திறந்தது, புது நத்தம் சாலையில்தான் இருக்கிறது. எடுக்கிற ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்திலேயே கிடைத்துவிடும். எந்தத் துறைக்கு எந்த முறை என்று ஒரு பக்கத்தில் மாதிரி அடித்துக் கொடுங்கள், என் கடைச் சுவரிலேயே ஒட்டிவைக்கிறேன், பிள்ளைகளுக்கு ஜெராக்ஸும் இலவசம்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர், மதுரை