கூரையை மூடத் தெரிந்த தொலைநோக்கி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சுகம்.

எனக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. சம்பளம் கிடையாது, ஆனால் வாரம் முழுக்க அந்த நாளுக்காகவே காத்திருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், ஆளே இல்லாமல் இரவெல்லாம் தானே இயங்கும் தொலைநோக்கிக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லத்தான் போய்வருகிறேன். காவலூர் மலை வானாய்வகத்தில், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட அந்தத் தொலைநோக்கியின் அடியில் நீயும் நானும் வாயடைத்து நின்றோமே, அந்த ஆசை இத்தனை வருஷம் கழித்துப் பலித்திருக்கிறது.

சிங்கப்பூரில் ஏது நட்சத்திரம் என்று கேட்பாய். சரிதான். 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடத்தில் முதலிடம் இந்த நாட்டுக்குத்தான். போதாததற்கு மேகம். துருவ நட்சத்திரமோ அடிவானத்திலிருந்து சுமார் ஒன்றேகால் டிகிரி உயரத்தில், அரசு கட்டிய வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பின்னால் கிடக்கிறது. உங்கள் வாணியம்பாடியில் அதைப் பார்த்தே தொலைநோக்கியின் அச்சைச் சரிசெய்துவிடலாம். இங்கே முடியாது. அதனால் கண்ணுக்குப்படும் வானத்தைப் படமெடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு பொருத்தி, குழாய் எங்கே பார்க்கிறது என்று கணக்குப் போடுகிறான் சீனப் பையன். அருமையான மூளை.

பெரும்பாலான நாள் வானமே தெரியாததால் சிமுலேட்டரில்தான் வேலை. இண்டி என்ற இலவச மென்பொருளில் பொய்த் தொலைநோக்கியும் பொய்க் கேமராவும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் பொய்த் தொலைநோக்கிக்கு ஒயர் இல்லையே. பிப்ரவரி கடைசியில், இரவு ஒன்பது மணிக்கு, நிஜத் தொலைநோக்கியைத் திருவாதிரை நட்சத்திரத்துக்குத் திருப்பச் சொன்னோம். அந்த நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நின்றது. குழாயோ மேற்கே சாய்ந்து, சாய்ந்து, எதிர் புளோக்கைப் பார்த்துப் படுக்கப் போனது. கேமரா ஒயர் வீணைத் தந்தி மாதிரி இறுகிவிட்டது. மலாய்ப் பெண் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். விஷயம் இதுதான்: வானத்தில் கிழக்கு மேற்கு இடத்தை மணிக்கணக்கில் சொல்வது வழக்கம், ஒரு மணி என்றால் 15 டிகிரி. திருவாதிரைக்கு 5.92 மணி. நிரல் அதை 5.92 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்த எண்ணின் பெயரிலும் மணியா டிகிரியா என்று எழுதாமல் அவர்கள் விடுவதில்லை.

ஆளை எதிர்பார்க்காமல் இயந்திரமே இவ்வளவு அவசரமாகத் திரும்புவது எதற்கு என்று அவர்கள் கேட்டபோது, 1999 ஜனவரி 23இல் நடந்ததைச் சொன்னேன். விண்ணில் வெகுதொலைவில் திடீரென மின்னி மறையும் காமாக் கதிர் வெடிப்பு ஒன்று தொடங்கிய 22 வினாடியில் அமெரிக்காவின் ரோட்சி என்ற தானியங்கிக் கருவி அதன் ஒளியைப் படம் பிடித்தது. மனுஷன் எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆர்டிஎஸ்2 போன்ற தொலைநோக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் பிறந்ததே இந்த ஓட்டத்துக்காகத்தான்.

ஆனால் என் மனசில் நிற்பது வேகம் இல்லை, தொலைநோக்கிக்கு மேலே திறந்து மூடும் கூரை. அதற்கு நிரல் எழுதுகிறவள் நம் தமிழ்ப் பெண். மழை சென்சார் "மழை" என்றால் கூரை மூடும். அது வரை முதல் வாரத்திலேயே எழுதிவிட்டாள். "சென்சாரே செத்துப்போனால்?" என்று கேட்டேன். அவள் நிரல் கடைசியாகக் கேட்ட "மழை இல்லை"யையே விடியும்வரை நம்பிக்கொண்டிருக்கும். இந்த ஊர் மழை பத்து நிமிஷம் முன்னால்கூடச் சொல்லிவிட்டு வராது, உனக்கே தெரியும். ஒன்றும் பேசாமல் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அட்டைப்பெட்டியில் கூரை செய்து, சின்ன மோட்டார் வைத்துக் கொண்டுவந்தாள். சென்சார் ஒயரைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் கடிகாரத்தையே பார்த்தோம். சரியாக அறுபதாவது வினாடியில் மோட்டார் உறுமி, அட்டை மெல்ல நகர்ந்து மூடிக்கொண்டது. "அறுபது வினாடி சத்தமே வராவிட்டால் மழை என்றே வைத்துக்கொள்ளும் அங்கிள்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பிள்ளை இதுவரை பால்வீதியைப் பார்த்ததே இல்லையாம். அவள் அம்மாவுக்கு ஆம்பூர். சித்திரைப் பிறப்புக்கு அவர்களும் ஊருக்கு வருகிறார்கள், நானும் வருகிறேன். காவலூருக்கு இப்போது எத்தனை மணிக்கு பஸ், பார்வையாளர்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்று விசாரித்து எழுது. அப்புறம், உன் பழைய பைனாகுலர் இருந்தால் துடைத்து வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்