பிறர் பாட்டைப் போடும் வேலை

பெர்லின்
10-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம், தாங்களும் அத்தையும் நலந்தானே? “யாரோ போட்ட பாட்டை ஓடவிடுவதற்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள் என்றால், அப்படி இவன் என்னதான் செய்கிறான்?” என்று தாங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான், இங்கேயும் பலர் கேட்கிறார்கள். மன்னார்குடியில் அத்தனை ஆண்டுகள் மைக் செட் வைத்திருந்த தங்களுக்கு இதற்குப் பதில் சொல்வது எனக்கு எளிது. கல்யாண வீட்டில் பிள்ளையார் பாட்டில் தொடங்கிய பிறகு, பந்தி நடக்கும்போது எது, பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படும்போது எது என்று யாரும் தங்களுக்கு எழுதிக் கொடுத்ததில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த இசைத்தட்டை எடுத்தீர்கள். இரவு நடனக் கூடங்களில் டிஜேயாக இருக்கும் என் பிழைப்பும் அடுத்த தட்டு எது என்பதில்தான் இருக்கிறது.

ஆனால், தாங்கள் ஒரு பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி அடுத்ததில் வைப்பீர்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடிகூட ஓசை நிற்கக் கூடாது. ஹவுஸ், டெக்னோ என்று அழைக்கப்படும் இந்த இசையில் பல்லவியும் சரணமும் பெரும்பாலும் இருப்பதில்லை. நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை சீராக விழும் அடியின்மேல் ஒவ்வொரு ஒலியாக ஏறி, பின் ஒவ்வொன்றாக இறங்கும். ஒன்றோடொன்றை இணைக்க வசதியாகப் பல தட்டுகளின் தொடக்கத்திலும் இறுதியிலும் வெறும் தாளத்தை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். ஒரு தட்டு அரங்கில் ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே, அடுத்ததை ஹெட்போனில் ஒரு காதால் கேட்டு, வேகக் கட்டையை மயிரிழை நகர்த்தி, சுழலும் தட்டின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தள்ளியோ தடுத்தோ, இரண்டின் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி செய்ய வேண்டும். உள்ளே வரும் தட்டு, வெளியே போகும் தட்டின் தாளச் சுற்று முடியும் இடத்தில் வந்து விழாவிட்டால், தனி ஆவர்த்தனத்தில் சமம் தவறியதுபோல ஆடுகிறவர்களின் கால் தடுமாறிவிடும்.

இதற்குப் பயன்படும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற ஜப்பானிய ரிக்கார்டு பிளேயர் 1972-ல் வந்தது. ரப்பர் பெல்ட் கிடையாது. மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றுகிறது. 1979-ல் வந்த மாதிரியில், வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் நீளமான ஒரு கட்டை சேர்த்தார்கள். தாங்கள் பார்த்தால் அன்றே பிரித்துப் போட்டுவிடுவீர்கள்.

இப்போது பெரும்பாலோர் பென் டிரைவில் ஆயிரக்கணக்கான பாடல்களோடு வருகிறார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு பை நிறையத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவதை விடவில்லை. எல்லாம் கையில் இருந்தால் கை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது என் எண்ணம். பை கொள்ளும் அளவுக்குத்தான் எடுத்துப்போக முடியும் என்றால், அந்த இரவைப் பற்றி வீட்டிலேயே யோசித்தாக வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை என் வேலை அதுதான்: கேட்பது, ஒதுக்குவது, 1989-ல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் என்ற கடையில் மணிக்கணக்காக நின்று தட்டுகளைப் புரட்டுவது.

தட்டுகளுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. சென்ற மாதம் ஓர் ஊரில், உள்ளே வெற்றிடமான மரமேடைமேல் பிளேயரை வைத்திருந்தார்கள். பேஸ் என்ற தாழ்ந்த ஒலி ஏறியதும் மேடை அதிர, அந்த அதிர்வை முள் வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்ப, அரங்கம் முழுதும் ஒரே உறுமல். முற்றத்திலிருந்து நடைபாதைக் கற்களைத் தூக்கி வந்து அடியில் வைத்த பிறகுதான் அடங்கியது. தாங்கள் சாக்கை மடித்துப் பிளேயருக்கு அடியில் போடுவீர்களே, அந்த நினைவு வந்தது.

எனக்குப் பிடித்தது, பலர் தட்டிக்கழிக்கும் முதல் பொழுது. கூடம் பாதி காலியாக இருக்கும். வந்தவர்கள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது பெரிய பாட்டை எடுத்து வீசினால் கைதட்டு கிடைக்கும், ஆனால் எனக்குப் பின் வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மணி நேரம் தணிந்த தட்டுகளாகவே போட்டு, பேச்சுச் சத்தம் தானாகக் குறைந்து தோள்கள் அசையத் தொடங்கும்வரை பொறுத்திருப்பதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

பெர்லினில் அந்தப் பொறுமைக்கு இடமிருக்கிறது. மேற்கு பெர்லினில் 1949-லேயே மதுக்கூடங்களை இரவில் மூடும் நேரக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள்; சில இடங்கள் சனி இரவு திறந்தால் திங்கள் காலையில்தான் மூடும். பழைய மின்நிலையத்தில் நடக்கும் பெர்க்கைன் என்ற கூடத்தில் நுழையும்போதே கைப்பேசிக் கேமராவின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார்கள். படம் எடுக்க முடியாததால் ஆட வந்தவர்கள் ஆடுகிறார்கள். இந்த நகரின் டெக்னோ பண்பாட்டை இவ்வாண்டு மார்ச்சில் ஜெர்மனி தன் மரபுச் செல்வப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது. எல்லா ஊரும் இப்படியில்லை. விழாக்களில் ஒரு மணி நேரம்தான் தருவார்கள். அதற்குள் தொடங்கி முடிப்பது எனக்கு அவ்வளவாகக் கைவரவில்லை. ஜார்ஜியாவின் திபிலிசியில், கால்பந்து மைதானத்துக்கு அடியில், தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்துக்குள் இறங்கி ஆடுகிறார்கள் என்றால் அத்தை நம்பமாட்டார்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை ரயில், சனிக்கிழமை விமானம், ஞாயிறு மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு உறக்கம். எந்த ஊருக்குப் போனேன் என்று கேட்டால் விமான நிலையமும் கூடத்தின் பின்வாசலும்தான் நினைவில் இருக்கும்.

அம்மாவுக்குக் காதைப் பற்றித்தான் கவலை. அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இங்கே ஒரு தர விதி இருக்கிறது, அதுவே அதிகம்தான். என் காதின் அச்செடுத்துச் செய்த அடைப்பானை நான் கழற்றுவதேயில்லை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இந்நாட்டில் கலைஞர்களுக்கென 1983 முதல் ஒரு காப்பீட்டு நிதியம் நடக்கிறது. சந்தாவில் பாதியை நான் கட்டினால் போதும். இதை அம்மாவிடம் தாங்களே எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் சமாதானம் என்று நினைப்பார்கள்.

பொங்கலையொட்டி இங்கே அழைப்புகள் குறைவு என்பதால், ஊருக்கு வர எண்ணியுள்ளேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தங்கள் பழைய தட்டுகளுக்கு ஏற்ற முள் இங்கே கடைகளில் கிடைக்கிறது. முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜின் அடியில் என்ன எழுத்தும் எண்ணும் இருக்கின்றன என்று மறக்காமல் எழுதுங்கள். அது தெரியாமல் வாங்கினால் பொருந்தாது.

தங்கள் அன்புள்ள
மருமகன்