கைத்தடி ஊன்றியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தங்கையின் கல்யாணம் முடிந்து இன்றோடு நான்கு நாள். பெட்டிகள் பிரிக்கப்படாமல் கூடத்தில் கிடக்கின்றன. நன்றி சொல்லும் வேலையை மட்டும் ஆறப் போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். கல்யாண ஏற்பாட்டை ஒப்புக்கொண்டு, 5 வாரம் இருக்கையில் நம்மை அந்தரத்தில் விட்டுப் போனவர்களைப் பற்றி இங்கே ஒரு வரியும் கிடையாது. அந்தக் கதை உங்களுக்கு மனப்பாடம். என் வாயால் கேட்டுக் கேட்டு அலுத்தும் போயிருப்பீர்கள்.

பெயர் எழுதக் கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்ட ஓர் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அவர்கள் விட்டுப் போன அந்த வாரத்தில் எனக்கு இருந்த ஒரே துணை கணினித் திரைதான். செயற்கைக்கோள் படத்தை வைத்து, கல்யாணம் நடக்கவிருந்த கடற்கரையை அளந்தேன். மேடை இங்கே, நாற்காலிகள் இங்கே, நடுவில் நடைவழி என்று தாளில் வரைந்து பெருமையாக எல்லோருக்கும் அனுப்பியும் வைத்தேன். அந்தப் படம் என்றைக்கு, எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பௌர்ணமி மாலையில்தான் கல்யாணம் என்று தங்கை பிடிவாதமாக இருந்தாள். பௌர்ணமிக்கும் கடலுக்கும் உள்ள உறவைப் பள்ளியில் படித்திருக்கிறேன். தேர்வோடு அது மறந்துவிட்டது.

ஏதோ ஓர் உறுத்தலில், இணைய வரைபடத்தில் அந்தக் கரையின் படத்தை ஏற்றியிருந்த ஒருவருக்கு எழுதினேன். "மாலையிலும் மணல் இவ்வளவு அகலமாக இருக்குமா?" என்று ஒரே கேள்வி. அவருடைய மொழி எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதிலை அதே செயலி இப்படித் தமிழாக்கித் தந்தது: "கடல் உங்கள் நாற்காலிகளைச் சாப்பிடும். வியாழக்கிழமை பார்க்கிறேன்."

சிரித்துவிட்டேன். ஏன் வியாழக்கிழமை என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்குப் பௌர்ணமி. அடுத்த பௌர்ணமி எங்கள் கல்யாண நாள். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் ஓதம் மிக உயரமாக ஏறும். ஒரே கரையில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அது ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏறும். ஆகவே அந்த வியாழக்கிழமை மாலையைப் பார்த்தால் எங்கள் மாலையைப் பார்த்ததுபோல. கடலோரத்தில் இருப்பவருக்கு இது சாதாரணக் கணக்கு.

வியாழன் இரவு 14 படங்கள் வந்தன. மேடைக்கென்று நான் குறித்து அனுப்பிய புள்ளியில் ஒரு குச்சி. 3 மணிக்கு அதைச் சுற்றிலும் காய்ந்த மணல். கால் மணிக்கு ஒரு படமாக நீர் நெருங்கி வருகிறது. 5 மணிக்கு நுரை தொடுகிறது. 6 மணிப் படத்தில் குச்சி பாதி நீருக்குள். கடைசிப் படம் 6.15க்கு எடுத்தது. அதில் குச்சி இல்லை. கரையேறிப் போகும் காலடித் தடங்கள் மட்டும், ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி.

அது அவருடைய கைத்தடி. அதை மணலில் ஊன்றிவிட்டு, அது இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார். முகம் தெரியாத ஒருத்தியின் ஒற்றை வரிக் கேள்விக்காக.

கூடவே ஒரு நிமிட ஒலிப்பதிவும் அனுப்பியிருந்தார். அலைச் சத்தம்தான். அதைக் கேட்ட பிறகுதான் ஒலிபெருக்கிக்கு ஏற்பாடு செய்தோம். மேடை மேலே புல்தரைக்குப் போனது. கல்யாணத்தன்று எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கீழே அலை அடிக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று என் அம்மாவுக்கு இன்னும் கோபம். அந்த அம்மாவை எவ்வளவோ அழைத்தும் வரவில்லை. கூட்டம் ஆகாதாம்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லப் போகிறேன். அழைப்பில் 05/06 என்று இருந்ததை மே 6 என்று பாதிப் பேரும் ஜூன் 5 என்று மீதிப் பேரும் படிப்பார்கள் என்று கண்டுபிடித்து, மாதத்தை எழுத்தில் போட வைத்த மருமகன். பகிர்ந்துகொண்ட விரிதாளில் நான் தப்பாக அழித்த விருந்தினர் பட்டியலைப் பழைய பதிப்பிலிருந்து மீட்டுக் கொடுத்த தோழி. சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல 1961 ஹேக் உடன்படிக்கை சொல்லும் அப்போஸ்டில் முத்திரைக்காகச் சான்றிதழ்களோடு வரிசையில் நின்ற மாமா. அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தை நம்பாமல், காணொளி அழைப்பில் விடுதிக்காரரைக் கதவிலிருந்து சுவர்வரை அடி எண்ணி நடக்க வைத்த அண்ணி. அந்த அறை படத்தில் கண்டதில் பாதிதான் இருந்தது, அண்ணி. உங்கள் சந்தேக புத்தியை இனி யாராவது குறை சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஊர் திரும்பிய அன்றே ஒன்று செய்தேன். நாம் எடுத்த படங்களில் இருபதைத் தேதியும் மணியும் குறித்து அதே வரைபடத்தில் ஏற்றினேன். யார் என்ன கேட்டாலும் பதில் போடுவது என்று தீர்மானம். நேற்றிரவு முதல் கேள்வி வந்துவிட்டது. அந்தப் புல்தரைக்குச் சக்கர நாற்காலி ஏறுமா என்று ஒரு பெண் கேட்கிறாள், அவளுடைய பாட்டிக்காக.

சித்தப்பா, நீங்கள் நாளை மாலைதானே அங்கிருந்து கிளம்புகிறீர்கள்? பக்கவாட்டுச் சரிவு எவ்வளவு அகலம் என்று ஒரு தடவை அளந்து, படமும் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
மணமகளின் அக்கா