பெரியப்பா அனுப்பிய எண்

பினாங்கு

அன்பு மகளே,

பெரியப்பா புலனக் குழுவில் போட்ட படத்துக்குக் குழுவிலேயே பதில் எழுதாதே. அத்தனை பேர் முன்னால் சின்னப்பெண் திருத்தினால் அவர் மானத்தைக் காக்கத்தான் பேசுவார். தனியாக அழைத்துப் பேசு.

ஹிட்லரின் நாஜிகள் ஆறு மில்லியன் யூதர்களைக் கொன்றது பொய் என்று காட்டத்தான் அந்தப் படம். அதில் இருப்பது ஒரே சரக்கு: 'செஞ்சிலுவைச் சங்கக் கணக்குப்படி இறந்தவர்கள் 271,301'. அது செத்தவர்களின் மொத்தக் கணக்கே அல்ல. ஜெர்மனியில் அரோல்சன் என்ற ஊரின் சிறப்புப் பதிவகம், நாஜி முகாம்களில் ஆவணம் இருந்த இறப்புகளுக்கு மட்டும் கொடுத்த சான்றிதழ்களின் எண்ணிக்கை. யூதரல்லாத கைதிகளும் அதில் உண்டு. போலந்தில் நாஜிகள் நடத்திய கொலைமுகாமான ஆஷ்விட்சில் ரயிலை விட்டு இறக்கி நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பியவர்களை யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. உக்ரைனில் கியவ் பக்கம் பாபின் யார் என்ற பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டதாகக் கொன்றவர்களே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்கள். சான்றிதழ் யார் கொடுப்பது?

அதே போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை, சயாம் மரண ரயில், அதைப் பற்றி அவரிடம் கேள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் அந்த வேலைக்குக் கொண்டுபோன நம்மவர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று துல்லியமான கணக்கு கிடையாது. தாய்லாந்தில் அந்தப் பாதை போகும் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்துச் சனத்துக்கு எங்கே? சான்றிதழை எண்ணினால் அங்கே நம்மவர் யாருமே சாகவில்லை என்றாகிவிடும். அவருக்கு இது சட்டென்று உறைக்கும்.

'யூதர் எழுதிய கதை' என்பார். நாஜிகளின் காகிதத்தையே காட்டு. 1943 ஜனவரி 11 அன்று ஹோஃப்ளே என்ற அதிகாரி அனுப்பிய தந்தி, முந்தைய ஆண்டு முடியும்வரை போலந்தில் கொலைமுகாமான ட்ரெப்ளிங்கா உள்ளிட்ட நான்கு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 1,274,166 பேர் என்கிறது. பிரிட்டிஷார் ஒட்டுக்கேட்டு வைத்திருந்த அது 2000இல்தான் ஆவணக் காப்பகத்தில் கண்ணில் பட்டது.

நீ சறுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 'ஆஷ்விட்சில் ஆறு மில்லியன்' என்று சொல்லிவிடாதே. அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 1.1 மில்லியன், ஆறு மில்லியன் ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட யூதர்கள். இந்தப் பிசகைப் பிடித்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். பிணப் படங்களும் வேண்டாம். ஒன்றின் கீழே ஊர்ப்பெயர் தப்பாக இருந்தாலும் போச்சு.

காசாவை இழுப்பார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அதில் வாதாடாதே. ஆனால் அதற்காக 1942இல் செத்தவர்களை இல்லையென்று சொல்லத் தேவையில்லை என்று மட்டும் சொல்லிவிடு.

ஒப்புக்கொண்டால் படத்தை அவரே நீக்கட்டும். மறுத்தால் குழுவில் மூன்று வரி போடு: அந்த எண், அது எதன் எண், பிறகு அந்தத் தந்தி. படத்தை மறுபடி ஒட்டிவிடாதே, உன் வரிகளை விட்டுவிட்டு அதைத்தான் பகிர்வார்கள்.

அம்மா