எட்வர்ட் நார்மானியர் தந்த பெயர் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த ஆங்கிலேயப் பெயர்கள் பற்றிய கட்டுரை, வில்லியம், ராபர்ட், எட்வர்ட் ஆகிய மூன்றையும் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் கொண்டுவந்தவை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. முதல் இரண்டையும் பொறுத்தவரை அது சரி. எட்வர்டோ, அவர்கள் வருவதற்கு முன்பே அந்நாட்டு அரசர் மூவர் தாங்கியிருந்த பெயர். அவர்கள் வருகையால் வழக்கொழியவிருந்து, அவர்கள் வழிவந்த அரசன் ஒருவனாலேயே பிழைத்துக்கொண்ட பெயர்.

பழைய ஆங்கிலத்தில் இப்பெயரின் முற்பாதி செல்வம், நற்பேறு என்றும், பிற்பாதி காவலன் என்றும் பொருள்படும். 'செல்வத்தைக் காப்பவன்' என்று கட்டுரை தந்த பொருளில் பிழையில்லை. ஆனால் அப்பொருளை எண்ணித்தான் பெயரிட்டார்கள் என்று கொள்வதற்கில்லை. இரு சொற்களைக் கோத்துப் பெயர் அமைத்த அக்காலத்தவர், கோத்தபின் பொருள் பொருந்துகிறதா என்று பெரிதும் பார்க்கவில்லை; ஓநாயையும் கல்லையும் குறிக்கும் சொற்கள் சேர்ந்த வுல்ஃப்ஸ்டன் என்ற பெயருடன் யார்க் நகரில் ஒரு பேராயரே இருந்தார். அவர்கள் பார்த்தது குலத்தொடர்பை. நம் குடும்பங்களில் பாட்டனின் முழுப்பெயர் பேரனுக்கு வருவதுபோல, அங்கே பெயரின் முற்பாதி மட்டும் வழிவழியாக வந்தது. மன்னர் ஆல்ஃப்ரெடின் மகன் எட்வர்ட் (ஆட்சி 899–924). அவருடைய மக்களில் எட்மண்ட், எட்ரெட். எட்மண்டின் மகன் எட்கர். எட்கரின் மகன் மீண்டும் ஓர் எட்வர்ட்.

நார்மானியர் ஆட்சி அமைந்தபின் ஆங்கிலேயக் குடும்பங்களே தம் பிள்ளைகளுக்கு வில்லியம், ரிச்சர்ட், ஹென்றி என்று பெயரிடத் தொடங்க, லியோஃப்ரிக், எதெல்ரெட் போன்ற பழம்பெயர்கள் சில தலைமுறைகளில் மறைந்தன. எட்வர்டைக் காப்பாற்றியது ஒரு புனிதரின் நினைவு. 1042 முதல் 1066 வரை ஆண்ட எட்வர்டின் தாய் எம்மா, நார்மானியரின் தாயகமான வட பிரான்சின் நார்மண்டியைச் சேர்ந்தவர். எட்வர்டும் இளமையை அங்கேயே கழித்தவர். அவருடைய வாரிசு என்று சொல்லியே நார்மானியர் தலைவர் வில்லியம் அரியணையைக் கோரியதால், புதிய அரச குலத்துக்கும் அவர் வேண்டியவராகவே இருந்தார். 1161-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அவரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவரும் வில்லியமின் வழிவந்த அரசருமான மூன்றாம் ஹென்றி, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயக் கோயிலை அவர் நினைவாகப் புதுப்பித்துக் கட்டியதோடு, 1239-இல் பிறந்த தம் மூத்த மகனுக்கும் அவர் பெயரையே சூட்டினார். பிரெஞ்சு மொழி பேசிய ஓர் அரசவையில் அது வியப்புக்குரிய தேர்வுதான். அந்தக் குழந்தையும், பின்னர் அவருடைய மகனும் பேரனும் 1272 முதல் 1377 வரை தொடர்ந்து ஆண்டதால் பெயர் நாடெங்கும் நிலைபெற்றது.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1239-ஆம் ஆண்டுக் குழந்தையைத்தான் வரலாறு 'முதலாம் எட்வர்ட்' என்கிறது. அரசர்களுக்கு எண்ணிடுவதை 1066-க்குப் பிறகு தொடங்கியதால், முன்னிருந்த மூவரும் கணக்கில் வராமல் போயினர். கட்டுரையாளர் தடுமாறியதற்கு இந்த எண்ணே காரணமாக இருந்திருக்கலாம்.

பெயர் கடல் கடந்தும் போயிற்று. 1433-இல் போர்ச்சுகலின் அரசரான துவார்த்தே, மூன்றாம் எட்வர்டின் பேத்தியான ஃபிலிப்பாவின் மகன். துவார்த்தே என்பது எட்வர்டின் போர்ச்சுகீசிய வடிவமே.

ஆல்ஃப்ரெட், ஹரோல்ட், எட்வின் ஆகியவை 19-ஆம் நூற்றாண்டில், பழமையின்மேல் எழுந்த பற்றினால் பெருவழக்குக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்டவை. எட்வர்டுக்கு அத்தகைய மீட்பு தேவைப்படவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வில்லியமையும் ராபர்ட்டையும் அப்படியே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.