பஸ்ஸின் இடப்பக்கச் சந்து மொபெட்டுக்கு வழி அல்ல

ஆசிரியருக்கு,

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு போகும் சாலையில் தமிழக அரசு பஸ், கேரள கே.எஸ்.ஆர்.டி.சி., சரக்கு லாரிகள் எல்லாம் ஓடுகின்றன. இவற்றுக்கு நடுவே லோடு ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல்கள். பஸ் நிற்கும்போதும் திரும்பும்போதும் யார் ஒதுங்குவது என்ற குழப்பத்தில் ஆபத்துக்கு உள்ளாவது மொபெட்காரர்தான்.

நின்ற பஸ்ஸின் இடப்பக்கம் நுழைவதே முதல் தவறு. வலப்பக்கமாக முந்துவதுதான் விதி. முன்னால் போகும் வண்டி வலதுபுறம் திரும்ப சைகை காட்டி நடுச்சாலைக்கு ஒதுங்கியிருந்தால் இடப்பக்கம் போகலாம். ஆள் இறக்க நிற்கும் பஸ்ஸுக்கு அது பொருந்தாது. இரு மாநில பஸ்ஸிலும் படிக்கட்டு இடப்பக்கம். இறங்குபவர் பையையும் பிள்ளையையும் பார்த்துத்தான் கால் வைப்பார், பின்னால் வருவதைப் பார்க்கமாட்டார். பஸ் வலப்பக்கம் ஒடித்துக் கிளம்பும்போது பின்சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும் வால்பகுதி இடப்பக்கம் வீசும். அது ஹேண்டில்பாரில் தட்டினாலே ஆள் கீழே.

ஆகவே பஸ்ஸுக்குப் பின்னால் பத்து மீட்டர் விட்டு, டிரைவரின் வலப்பக்கக் கண்ணாடி நம் கண்ணில் படும்படி நிற்கவேண்டும். இங்கே இரண்டு விசில் என்றால் பஸ் கிளம்பும். கேரள பஸ்ஸில் டபுள் பெல். ஹெல்மெட்டுக்குள் அந்த மணி பெரும்பாலும் கேட்காது, வலது இண்டிகேட்டரைத்தான் நம்பவேண்டும். ஆம்புலன்ஸுக்கு இருப்பது போன்ற முன்னுரிமை பஸ்ஸுக்கு இல்லை, டிரைவரும் கண்ணாடி பார்த்துத்தான் எடுக்கவேண்டும். ஆனாலும் இண்டிகேட்டர் போட்டு நகரத் தொடங்கிய பஸ்ஸை வேகம் கூட்டித் தாண்டாதீர்கள். நிற்கும் பஸ்ஸை வலப்பக்கம் தாண்டும்போதும் மெதுவாகவே போங்கள். இறங்கியவர் பஸ்ஸின் முன்பக்கமாகத்தான் சாலையைக் கடப்பார்.

புளியரை 'எஸ்' வளைவில் நடப்பது வேறு. இடதுபுறம் வளைய பஸ் முதலில் வலப்பக்கம் அகலமாக ஏறும். நமக்கு வழி விட்டதாக நினைத்து அந்த இடைவெளியில் நுழைபவர்கள் உண்டு. பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். இடைவெளி சில நொடியில் மூடிவிடும். வளைவுக்கு முன்பே நின்று பஸ்ஸைப் போகவிடுவது ஒன்றே வழி.

சாலை குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் ஒதுங்கி வழிவிடவேண்டும், இதுவும் விதிதான். ஆனால் இறக்கத்தில் வரும் எக்ஸ்எல் போன்ற ஒற்றை கியர் வண்டியில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், இன்ஜின் பிடித்து நிறுத்தாது. முழுச்சுமையும் டிரம் பிரேக்கில் விழுந்து, சூடேறி, பிடி குறையும். சாரலில் நனைந்தால் இன்னும் மோசம். பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்தவேண்டும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடுவோம். பிரேக் பிடித்து நிற்க உலர்ந்த சாலையிலேயே மேலும் அதே அளவு தூரமாவது வேண்டும். பின்னால் இரண்டு மூட்டை இருந்தால் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில் சொன்னபடி கேட்காது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசி வரைதான். இப்போதைய எக்ஸ்எல் 99.7 சிசி, அதற்கு 18 வயது நிறையவேண்டும்.

இரு மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் வளைவை ஒட்டிய பஸ் நிறுத்தங்களை நேர்ச்சாலைக்கு மாற்றவேண்டும். தார் விளிம்புக்கும் மண் ஓரத்துக்கும் உள்ள பள்ளத்தைச் சபரிமலை சீசனுக்கு முன்பே கிராவல் கொட்டி மட்டப்படுத்தவேண்டும். ஒல்லியான மொபெட் டயர் அந்த விளிம்பில் சறுக்குவதால்தான், ஒதுங்க நினைப்பவர்கூட தாரை விட்டு இறங்கத் தயங்குகிறார்.

வாசகர்,
புளியரை, தென்காசி மாவட்டம்